கூட்டல் குறிக்கு முந்தைய துண்டு

ஒரு பெண் தன் தாயை உயிரோடு கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். தவறு தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் திண்டுக்கல் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மதுரையிலிருந்து வரும் தந்திகள் காகித நாடாவில் ஒரே நீளமாக அச்சாகி வரும். ஒவ்வொரு தந்தியின் முடிவிலும் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதுவரை வெட்டி, வரிவரியாகத் துண்டாக்கி, படிவத்தில் ஒட்டிய பிறகே அடுத்த தந்தியைத் தொட வேண்டும். எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அறைக்குப் போனாலும் பேச ஆள் கிடையாது. ஆனாலும் ஏனோ அவசரப்படுவேன். நாடா முழுவதையும் முதலில் வெட்டி மேசையில் பரப்பிவிட்டு, பிறகு மொத்தமாக ஒட்டுவேன்.

கன்னிவாடியில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணுக்கு, கோயம்புத்தூரிலிருந்து அவள் அண்ணன் தந்தி கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் வந்த அதன் பொருள் இதுதான்: 'அம்மா ஆஸ்பத்திரியில். உடனே புறப்படு.' அதன் இரண்டாவது துண்டை அடுத்த படிவத்தின் தலையில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பேகம்பூர் தோல் வியாபாரி ஒருவர் தம் தந்தியோடு வந்தார்.

"என்னா சார் இது? 'உடனே புறப்படு, விலை இறங்கிருச்சு, சரக்கு அனுப்பாதே'ன்னு இருக்கு. சரக்கு வேணாமாம், நான் மட்டும் வரணுமாம். என்னைய உரிச்சு விக்கப் போறானா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மதுரையில தப்பா அடிச்சிருப்பாங்க பாய்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உடனே கன்னிவாடிக்குத் திருத்தம் அனுப்பியிருந்தால் அவள் மத்தியான பஸ்ஸைப் பிடித்திருப்பாள். ஆனால் என் தவறு மேலே தெரிந்துவிடும். வேலை நிரந்தரமாகாத சமயம். அனுப்பவில்லை.

அன்று இரவே அவளுக்கு இன்னொரு தந்தி வந்தது. அதைச் சரியாக வெட்டி ஒட்டினேன்.

வேலை நிரந்தரமான பிறகுதான் கன்னிவாடிக்குப் போனேன். தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரின்னு மட்டுந்தான இருந்துச்சு. பூவை எடுத்துச் சந்தையில போட்டுட்டு நாளன்னிக்குப் போவம்னு இருந்தேன். அன்னைக்கு நிறுத்துன பேச்சு, எங்கண்ணன் இன்னும் எங்கூடப் பேசல. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவருட்டப் போய்ச் சொல்லுங்க."

கோயம்புத்தூர் போனேன். அண்ணன் நின்றபடியே கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, என்னோடு பஸ் ஏறினார். முன் இருக்கையில் அவர், கடைசியில் நான். திண்டுக்கல்லில் இறங்கியதும், கன்னிவாடி பஸ் போய்விட்டதா என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவர் ஏறிய பஸ் கிளம்பும்வரை நின்றிருந்தேன். அவர் நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.