சிகரெட் அட்டையில் இருந்த கூலி

மாலை ஐந்தே காலுக்கு மகளின் வகுப்பு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய காலத்துச் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்ற அட்டை அது. கோவணம், தடித்த உதடு, தலையில் மூட்டை. கீழே ‘இந்தியக் கூலி’. பக்கத்தில் யாரோ மகளின் பெயரை எழுதியிருந்தார்கள்.

என் எட்டு வயதில், மலேசியாவில் ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவிலிருந்து இதே மாதிரி அட்டை ஒன்றைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எடுத்துவந்தார். பனியும் ரப்பர்பால் நாற்றமுமாக எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில், அதை அப்பாவின் முகத்தருகே பிடித்தார்.

“சட்டையக் கழட்டு லா, முனியா. பொருந்துதான்னு பாப்போம்.”

லயத்துக் குடியிருப்பே சிரித்தது. அப்பா சட்டையைக் கழற்றினார். யாரும் கேட்காமலேயே பால்வாளியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“சரியா இருக்குங்களா, ஐயா?”

ஏழு மணிக்கு மகள் டியூஷனிலிருந்து வந்தாள். படத்தைப் பார்த்திருந்தாள்.

“நாளைக்கு ஸ்கூல் கூட்டத்துக்கு நீங்க வேணாம்பா. அம்மா வரட்டும். அவங்க சிவப்பு.”