டாக்டர் ஜெயலீலா துப்பாக்கி வாங்கியது

டாக்டர் ஜெயலீலா மோசஸ் திட்ட ஆரம்பித்தால் ஆறடி உயர டெக்சஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். டாக்டரின் உயரம் ஐந்தடிக்கு ஓரிரு விரல் குறைவு. காட்டன் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, காலில் டென்னிஸ் ஷூ. பாளையங்கோட்டையில் பிறந்து, மதுரையில் டாக்டருக்குப் படித்து, டெட்ராய்ட் குளிரில் பயிற்சியை முடித்தவர். வேறு எந்த டாக்டரும் எட்டிப் பார்க்க மறுத்த ஹார்லன் க்ரீக் என்ற சிற்றூருக்கு எழுபத்தாறாம் வருடம் வந்து சேர்ந்தார். ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் அந்த ஊர். மாடுகள், வைக்கோல் கட்டுகள், இரண்டு சர்ச்சுகள், ஒரு தீவனக் கடை. டாக்டரும் ஒருவர்தான்.

கணவர் மோசஸுக்கு ஹூஸ்டன் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை வருவார், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் டாக்டரின் குரலைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பு ஊர்க்காரர்களுடையது.

"உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைச்சீங்களா?"

"குறைச்சிட்டேன் மேடம்."

"அப்புறம் பிரஷர் ஏன் கூரையில ஏறி உக்காந்திருக்கு?"

தொப்பி மடியில் கிடந்து சுற்றும். ஊரே அவரிடம் பொய் சொன்னது. பொய் என்று அவருக்கும் தெரியும். ஆனால் தப்பே செய்யாத ஒருவரிடம் போய்த் தன் தப்பைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்த ஊரார் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் 'யால்' என்ற சொல், நம் 'நீங்கள்' மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்று டாக்டர் வந்த புதிதிலேயே முடிவு கட்டிவிட்டார்; உண்மையில் அது பல பேரைச் சேர்த்துக் கூப்பிடும் சொல். தனியாக வந்திருந்த வயதான நீதிபதியிடம், "யால் நல்லா மூச்சை இழுத்து விடணும்" என்றார். நீதிபதி தன் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆளாக மூச்சை இழுத்தார். எட்டு வருடமாக அதைத் திருத்த ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

எண்பத்து நாலாம் வருடம், வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் சர்ச்சில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து யாரோ கிளினிக்கின் பின்ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். போனது இருமல் மருந்து பாட்டில்களும், மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டிபன் கேரியரும். மருந்து போனதைவிட கேரியர் போனதுதான் டாக்டருக்கு வயிற்றெரிச்சல். கல்யாணத்துக்குச் சீராக வந்தது, டெட்ராய்ட் வரை கூட வந்தது.

ஷெரிஃப் டில்மன் வந்து ஜன்னலைப் பார்த்தார். வாதத்தில் வீங்கும் கால் கட்டைவிரலுக்காக டாக்டரிடம் மாதாமாதம் வருபவர்.

"டாக்டர், உங்ககிட்ட கன் இருக்குமில்ல?"

"இல்லை."

"இங்க இல்ல. வீட்டில?"

"வீட்டிலயும் இல்லை."

"சரி, கார்ல?"

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். அம்மை ஊசியே போட்டதில்லை என்று ஒரு நோயாளி சொன்னால் டாக்டர் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது ஷெரிஃப் முகம். "இத்தனை வருஷமா நீங்க உயிரோட இருக்கிறதே கர்த்தர் கிருபை, மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை நர்ஸ் டார்லீன் அடுத்த அறையில் இருந்து கேட்டாள். டார்லீன் கேட்டால் ஊர் கேட்ட மாதிரி.

திங்கட்கிழமை காலையில் இருந்து கிளினிக்கில் வைத்தியம் தலைகீழாக நடந்தது. உட்கார்ந்தவர்கள் எல்லாம் டாக்டருக்கு மருந்து சொன்னார்கள். ஒரு பண்ணைக்காரர், சட்டையை அவிழ்க்கச் சொன்னதும் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்து, "இந்த மாதிரி வாங்குங்க, துரு பிடிக்காது" என்றார். இன்னொருவர், அது வேண்டவே வேண்டாம், குண்டு சிக்கிக்கொள்ளும், ரிவால்வர்தான் கைக்குப் பாந்தம் என்று டாக்டரின் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையெழுத்தைவிட அது தெளிவாக இருந்தது.

மிஸ் ஓப்பல் ரே என்ற எண்பது தாண்டிய அம்மாள், கையில் பிரஷர் பட்டை சுற்றியிருக்கும்போதே மற்றக் கையை ஸ்வெட்டர் பின்னும் பைக்குள் விட்டு, நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு துப்பாக்கியை வெளியே எடுத்தாள்.

"குண்டு இருக்கா இதுல?" என்றார் டாக்டர், பிரஷர் கருவியின் ரப்பர் பல்பை அமுக்குவதை நிறுத்தாமல்.

"குண்டு இல்லாம எதுக்குக் கண்ணு தூக்கிட்டு அலையணும்?"

அந்தக் கணத்தில் ஓப்பல் ரேயின் பிரஷர் சரியாக இருந்தது. டாக்டருடையதை யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மோசஸ் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் விஷயம் வந்தது. மோசஸ் கிறிஸ்துமஸுக்குக் கம்பி மத்தாப்பைக்கூடக் கையை நீட்டித் தூரப் பிடிக்கிறவர்.

"லீலா, நீ ஊசி போடுத ஆளு. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஷெரிஃபே சொல்லுதாரு அத்தான். ஊர்ல எல்லார்ட்டயும் இருக்கு. எண்பது வயசுக் கிழவி வச்சிருக்கா. நான் மட்டும் கைய வீசிக்கிட்டு நடக்கணுமாக்கும்?"

"சரி, வாங்குத. திருடன் வாரான். அவங்கிட்டயும் இருக்கு, உங்கிட்டயும் இருக்கு. பொறவு ரெண்டு பேரும் என்ன செய்வீங்க, ஜெபமா?"

"ஏன், நான் ஒரு சத்தம் போட்டா ஓடிருவான்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். சத்தம் போதுமே. பொறவு எதுக்குத் துப்பாக்கி?"

டாக்டர் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார். மறுநாள் காலையில் தனியாகவே கிளம்பினார்.

ஊரில் துப்பாக்கி விற்றது டுவைட் ஹென்லியின் தீவனக் கடையில். கோழித் தீவன மூட்டைகளைத் தாண்டி, விதை பாக்கெட்டுகளைத் தாண்டி, கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. டுவைட்டுக்கு மூல வியாதி. ஊரில் வேறு யாரும் பார்த்திராத டுவைட்டை டாக்டர் பார்த்திருக்கிறார் என்பதால், அவன் டாக்டரின் முகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தே பேசினான்.

முத்துப் பிடி போட்ட ஒரு சின்னத் துப்பாக்கியை எடுத்து வைத்தான். "லேடீஸ் இதைத்தான் விரும்புவாங்க."

"காதுல மாட்டிக்கிறதுக்கா? திருடன் பயப்படுற மாதிரி ஒண்ணைக் காட்டு."

பிறகு கனத்த கறுப்பு ரிவால்வர் ஒன்று வந்தது. குண்டு அளவு முப்பத்தெட்டு என்றான். டாக்டர் கையில் எடுத்துப் பார்த்தார். தேங்காய் உடைக்கலாம் போலக் கனத்தது. பிடித்துப்போயிற்று.

மூக்குக் கண்ணாடியைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், சர்க்கார் படிவத்தை டுவைட் வாசிக்க வேண்டியதாயிற்று. பாவம், அவனுக்கு வேர்த்தது.

"மேடம், நீங்க போலீசுக்குப் பயந்து தலைமறைவா இருக்கிற ஆளா?"

"என்ன?"

"இதுல இருக்கு, மேடம். கஞ்சா பழக்கம் உண்டா?"

"டுவைட்!"

"இல்லைன்னு போட்டுக்கிறேன். மனநிலை சரியில்லைன்னு எந்தக் கோர்ட்டாவது உங்களைப் பத்தி..."

அவன் குரல் உள்ளே போய்விட்டது. எதிரில் உட்கார்ந்து இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்று டாக்டருக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல, ஏதோ ஒன்றை மறைக்கிற மாதிரி அவருக்கே தோன்றியது.

டிரைவிங் லைசென்ஸைக் காட்டினார், கையெழுத்துப் போட்டார், டுவைட் துப்பாக்கியையும் குண்டுப் பெட்டியையும் தீவனக் கடைப் பையில் போட்டுக் கொடுத்தான்.

"முடிஞ்சுதா? லைப்ரரி கார்டு வாங்க என்னை ரெண்டு வாரம் அலைய விட்டாங்க!"

"லைப்ரரிப் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கணும்ல மேடம்" என்றான் டுவைட். பிறகு தரையைப் பார்த்தபடி, "என் மேய்ச்சல் நிலத்துல ரெண்டு நாள் வந்து சுட்டுப் பழகிக்கோங்க. நான் சொல்லித் தரேன்" என்றான்.

"எத்தனை பிரசவம் பார்த்த கை இது! நடுங்காது. பழக என்ன இருக்கு?" என்றார் டாக்டர்.

துப்பாக்கி கிளினிக் மேஜை இழுப்பறைக்குள் போனது. குண்டுகள் மருந்து அலமாரியில், பேதி மாத்திரைக்குப் பக்கத்தில். இரண்டு சாவிகளும் ஒரு ஊக்கில் கோத்துப் புடவை இடுப்பில். திருடன் வந்தால் அவனைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சுட முடியும் என்றார் மோசஸ்.

திருடன் வரவில்லை. பாம்பு வந்தது.

ஜூலை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம் என்று பின்வாசலுக்கு வந்த டாக்டர், தன் ஓல்ட்ஸ்மொபைல் காருக்கு அடியில், நிழலில், தன் பாட்டுக்குச் சுருண்டிருந்த ஒரு நீளப் பாம்பைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் உள்ளே போனார். ஊக்கைக் கழற்றி, இழுப்பறையைத் திறந்து, அலமாரியைத் திறந்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, டார்லீனைப் பார்த்து, "யாரும் வெளியே வராதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அத்தனை நேரமும் பாம்பு காத்திருந்தது.

ஆள் யாரும் அந்தப் பக்கம் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். கால்களை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்.

கண்ணை மூடியது அவருக்குத் தெரியாது. டார்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

முதல் சத்தத்தில் முன் டயர் பெருமூச்சு விட்டது. இரண்டாவதில் பின் டயர். அடுத்ததில் காரின் வயிற்றிலிருந்து கறுப்பாக எண்ணெய் கொட்ட ஆரம்பித்தது. ரிவால்வர் ஒவ்வொரு தடவையும் கையை மேலே தூக்கித் தூக்கி அடித்ததில், கடைசிக் குண்டு சுவரோரத் தண்ணீர்க் குழாயில் பட்டு, தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சியது. பாம்பு அந்தத் தண்ணீரில் சாவகாசமாக நனைந்து, புல்லுக்குள் போய் மறைந்தது.

டாக்டருக்குக் காதுக்குள் சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. புடவை சொட்டச் சொட்ட நின்றார். கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. ஷெரிஃப் டில்மன் தொப்பியைக் கழற்றவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல்ல கை நீட்டினது யாரு? நீங்களா, காரா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அத்தனை பேரும் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்கள். "பாம்பு" என்றார் டாக்டர். "அடியில பெரிய பாம்பு."

டுவைட் ஹென்லி அது நகர்ந்து போன தடத்தைத் தேடிப் போய், புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தான். "கிடக்கு மேடம். அது எலி பிடிக்கிற பாம்பு. கடிக்காது. நம்ம கடைக்கு அப்படி ஒண்ணு கிடைக்காதான்னு நான் ஏங்கிட்டு இருக்கேன்." வாழ்க்கையில் முதல் முறையாக அவன் டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

டாக்டர் காரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அழுகை வருகிறது என்றுதான் நினைத்தார். வந்தது சிரிப்பு. கிளினிக் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஊர் மொத்தமும் சிரித்தது. ஓப்பல் ரே சிரித்த சிரிப்பில், துப்பாக்கி இருக்கும் பின்னல் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும்படி ஷெரிஃப் கெஞ்ச வேண்டியிருந்தது.

அன்று மாலை மோசஸுக்கு ஃபோன் போட்டார்.

"லீலா, பாம்பு என்னாச்சு?"

"போயிட்டு."

"கார்?"

"அது போவாது."

மறுமுனையில் மோசஸ் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியும். "சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க அத்தான், நான் வெயிட் பண்ணுதேன்" என்றார்.

மறுநாள் முதல் ஆளாக, இடுப்பில் துப்பாக்கி செருகி வரும் அந்தப் பண்ணைக்காரர் வந்தார். பிரஷர் பார்த்தாயிற்று. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"டாக்டர், நான் அந்தப் பிரஷர் மாத்திரையைத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. தலை சுத்துச்சு, நிறுத்திட்டேன். உங்ககிட்டச் சொல்லப் பயம்."

டாக்டருக்குத் திட்டு நாக்கு நுனி வரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு டயரும் தட்டையாகிச் சாய்ந்து நின்ற கார் கண்ணில் பட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "தலை எப்போ சுத்தும்? எழுந்திருக்கும்போதா?" என்று கேட்டார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக உண்மையைக் கக்க ஆரம்பித்தார்கள். நீதிபதி ராத்திரி எத்தனை கிளாஸ் என்று சொன்னார். போகிற போக்கில், 'யால்' என்றால் பல பேர் என்றும் சொன்னார். ஷெரிஃப் தினமும் பன்றி விலா தின்பதை ஒப்புக்கொண்டார். எட்டு வருடமாக ஏன் இந்த ஊரில் எந்த மருந்தும் வேலை செய்யவில்லை என்று டாக்டருக்கு விளங்கியது. யாரும் சாப்பிடவில்லை.

ரிவால்வரை அந்த வாரமே டுவைட்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் அதைக் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வைத்தான். டல்லஸிலிருந்து மான் வேட்டைக்கு வந்த ஒருவர் புதுத் துப்பாக்கி விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். டுவைட் அவரிடம் சொன்ன கதையில் பாம்பு கொடிய விஷப்பாம்பாகவும், டாக்டர் நகரும் காரின்மேல் நின்று சுட்டவராகவும் இருந்ததாக டார்லீன் வந்து சொன்னாள்.

"நீங்க போய் மறுத்துச் சொல்லலையா டாக்டர்?"

"எதுக்கு? அந்தக் கதையில எனக்குக் குறி தப்பல போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.