சாவு வீட்டுக்கு வந்த கேக்

அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. வேலை வாங்கியதைவிட அம்மாவிடம் ஒரு "சரி" வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் ஒரே பெண். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து, பஸ் பிடித்து எலவனாசூர்கோட்டை வீட்டுக்கு வந்தால், "அங்க உனக்கு ஆரு இருக்கா?" என்ற ஒரே கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அது ஒன்றும் பேய்க்காடு இல்லை என்று காட்டுவதற்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு படம் போட்டேன். அயர்லாந்துக் கிராமத்தில் நடக்கும் சிரிப்புப் படம். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே பார்த்தாள்.

ஆட்டைத் தேடி மலையேறிய கிழவர் பனிமூட்டத்தில் வழி தவறிவிடுகிறார். இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, ஆள் செத்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டுகிறது. தங்கை வீட்டில் கூட்டம். மூன்றாம் நாள் பசியோடு திரும்பி வரும் கிழவர், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தன் சாவுக்கு வந்த கேக்கைத் தானே வெட்டித் தின்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "கல்வராயன் மலையாட்டம் பனி எறங்குது. இவ்ளோ மழ பேயுது, ஒருத்தனும் நாத்து நடலியே" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம், "கொஞ்சம் பின்னாடி போ" என்றாள். பெண்கள் பாத்திரங்களோடு அந்த வீட்டுக்குள் நுழையும் இடம்.

"இவங்க சொந்தமா?"

"இல்லம்மா, அக்கம்பக்கத்து வூட்டுக்காரங்க."

"கேக் எடுத்துக்கினு வராளே, வேலிக்கு சண்ட போட்டவதான அவ?"

"அவளேதான்."

"அந்த வூட்ல அடுப்பு பத்த வெக்கலியா?"

படத்தில் அடுப்பையே காட்டவில்லை. "வெக்கலம்மா" என்று அடித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சோறு வெளியிலிருந்துதான் வரும். அப்பா செத்தபோது, வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை விட்டிருந்த பக்கத்து நிலத்துக்காரி முதல் ஆளாகக் குண்டானில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். காரியம் முடிந்ததும் பேச்சை மறுபடி நிறுத்திவிட்டாள், அது வேறு விஷயம்.

படம் முடிந்ததும் அம்மா முறத்தை ஓரமாக வைத்தாள். "சரி, போ."

"இன்னாம்மா திடீர்னு?"

"நான் செத்தா உன்னால ஒடனே வர முடியாது. இங்க நம்ம வூட்டுக்குச் சோறு வந்துரும். அங்க நீ ஒண்டியா அழுதுக்கினு கெடந்தா ஒரு வாய் ஆரு குடுப்பாங்கன்னுதான் கவலையா இருந்துச்சு. அந்த ஊர்லயும் கொண்டாருவாங்க போல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பற்றிச் சொன்னது பொய் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இங்கே அயர்லாந்துக்கு வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். கையில் கேக். புதிதாகக் குடிவந்திருக்கிறேனே என்று சும்மா கொண்டுவந்தாளாம். படத்தில் கேக் எந்த வீட்டுக்கு வந்தது என்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி, சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் கேக்கைக் கையில் வாங்கினேன்.