அண்ணன் அனுப்பிய படம்

நாடு விடுதலை பெற்ற ஐம்பத்தேழாம் வருஷம் அண்ணன் ஒரு பழைய கேமரா வாங்கினான். பண்டார் ஹிலிர் திடலில் கட்டியிருந்த கொடிகளைப் படமெடுக்கத்தான் வாங்கினான். கொடிகளை இறக்கிய பிறகு, படமெடுக்க வீட்டில் நான்தான் மிச்சம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சிறு வயதில் வந்த அம்மை என் இடது கன்னத்தில் நெற்றியோரத்திலிருந்து தாடை வரை வடுவாகத் தங்கிவிட்டது.

கிளேபாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. முதலில் பெண்ணின் போட்டோவை அனுப்பச் சொன்னார்கள். அண்ணன் என்னை வீட்டின் பின்புறம் நிழலில் உட்காரவைத்து, லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகிக் காட்டினான்.

"இதுதான் அப்பர்ச்சர். எண்ணைச் சின்னதா வெச்சா ஓட்டை பெருசா தெறக்கும். கிட்டக்க எடுத்தா, குறி வெச்ச எடம் மட்டும் தெளிவா விழும். முன்ன பின்ன இருக்கிறது கலங்கிடும். எண்ணைப் பெருசாக்கினா ஓட்டை சுருங்கும், எல்லாமே தெளிவா விழும். ஆனா வெளிச்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகும், நீ அசையாம இருக்கணும்."

பதினொன்றில் வைத்து நேராக ஒன்று எடுத்தான். பிறகு வடு இல்லாத கன்னத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, இரண்டில் வைத்து, மிக அருகில் வந்து இன்னொன்று எடுத்தான்.

படங்கள் கழுவி வந்தன. முதல் படத்தில் என் வடுவும் தெரிந்தது, பின்னால் காய்ந்த சட்டையின் பொத்தானும் தெரிந்தது. இரண்டாவதில் ஒரு கண் மட்டும் பளிச்சென்றிருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னம் மாசில்லாமல் வழவழவென்று இருந்தது. அவள் யாரோ.

"தெளிவா இருக்கிறத அனுப்புண்ணே. எப்படியும் நேர்ல வந்து பாக்கத்தானே போறாங்க."

"சரி" என்றான்.

அவர்கள் வந்தார்கள். நான் காப்பி கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, பையனின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மடியில் வைத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதை அனுப்பியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"போட்டோவுல இது இல்லையே தம்பி."

"வெளிச்சம் அப்படி விழுந்திருச்சும்மா" என்றான் அண்ணன்.

நான் அறைக்குள் போய் மற்றப் படத்தைக் கொண்டுவந்து பையனிடம் நேராகக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதையே அனுப்பியிருக்கலாமே. இதப் பார்த்திருந்தாலும் வந்திருப்பேன்."

அதற்குள் அவருடைய அம்மா எழுந்துவிட்டார். "படத்துலயே ஏமாத்துற வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கிறதில்ல" என்றார். பையனும் எழுந்தார். பலகாரம் தட்டில் அப்படியே கிடந்தது.

அவர் மெய்யாகத்தான் சொன்னாரா, போகிற நேரத்தில் மரியாதைக்குச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாமல் செய்துவிட்டானே என்பதுதான் அண்ணன்மேல் எனக்கு ஆறாத கோபம்.

"ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான்.

"என் மூஞ்சியப் பார்த்து நீதான் வெக்கப்பட்டிருக்கே."



அதன் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் நான் போய் நிற்கவில்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். தங்கச்சிக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று வந்தவர்கள் கேட்டால், "அவளுக்கு இஷ்டமில்ல" என்பான். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் எனக்கு அது நன்றாகவே கேட்கும்.