எங்கள் வீட்டில் வளர்ந்த மன்றத்துக் கோழிகள்

கனடாவின் இச்சிற்றூருக்கு நான் ஆசிரியனாக வந்த முதல் இளவேனிலில், அடுத்த வீட்டு வங்கி மேலாளர் பீட்டர், தம் மகள் லிண்டா கோழிக்கூட்டில் எச்சம் வாருவதைக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுமி, தன் உயரத்துக்கும் மிஞ்சிய மண்வாரியோடு திணறினாள். நான் வேலியைக் கடந்து சென்று அதை வாங்கக் கை நீட்டினேன். பீட்டர் விரைந்து குறுக்கே வந்து, "வேண்டாம், நீங்கள் தொடக் கூடாது" என்றார். என் காது சுட்டது. இத்தனை கடல் தாண்டியும் இச்சொல் எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறதே என்று கசந்து, பல நாள் அவர் முகத்தைப் பாராதிருந்தேன். பின்னர் அவர் மனைவி மார்கரெட் விளக்கினார்: லிண்டா ஓர் இளையோர் மன்றத்தில் சேர்ந்திருக்கிறாள்; உறுப்பினர் தம் கையாலேயே ஓர் உயிரை வளர்த்துக் காட்டவேண்டும்; தந்தையும் உதவலாகாது. அத்தகைய மன்றமொன்றில் நானும் இருந்தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். அம்மகிழ்ச்சியை என்னால் தாங்கியிருக்க இயலாது.

ஐம்பதுகளில் பொன்னேரிக்கு அண்மையிலிருந்த எங்கள் ஊரில் அம்மன்றம் தொடங்கியபோது, நான் கிறித்தவப் பள்ளியில் இறுதி வகுப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தேன். சிறந்த உறுப்பினன் சென்னையில் வேளாண் பயிற்சிக்கு அனுப்பப்படுவான் என்று அதிகாரி ஒருவர் அறிவித்தார். என் தந்தை, சபாபதி என்னும் என் வயதினனுடைய குடும்ப நிலத்தில் கூலியாள். அப்பயிற்சி கிட்டாவிட்டால் எனக்கும் அதே வரப்புதான். ஆகவே சேர்ந்தேன். தலைவனாகச் சபாபதியும், அவனைப் போன்றே நிலமுடைய சைவ வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் இருந்தனர். ஆளுக்கு நான்கு வெள்ளை லெகார்ன் என்னும் சீமைக்கோழிக் குஞ்சுகள் வழங்கப்பட்டன. அன்று மாலையே சபாபதி எங்கள் தெருமுனையில் கூடையோடு நின்றான்.

"டேய் தேவா, கோழிய வாசப்படி ஏத்தக் கூடாதுன்றாங்க எங்க அம்மா. உங்க ஊட்டாண்ட வச்சுக்க. உனுக்கு இன்னா, பழக்கந்தானே."

மற்ற ஐவரும் அவ்வாறே தம் கூடைகளைக் கொண்டுவந்து விட்டனர். என் தாய் கூடைகளைப் பார்த்துவிட்டு, "மன்றம் பஞ்சாயத்து ஆபீஸ்ல கீதா, நம்ப ஊட்டுல கீதாடா?" என்று கேட்டாள். அவளே தரையில் சாம்பல் பரப்பினாள். தவிட்டில் கருவாட்டுத் தூள் கலந்தாள். கழிச்சல் கண்ட குஞ்சுகளை நாங்கள் பிரித்துக் காத்தோம். வாரந்தோறும் மற்ற உறுப்பினர் அறுவரும் மூக்கில் கைக்குட்டையோடு தெருவில் நின்று தத்தம் கோழிகளைப் பார்வையிட்டுச் சென்றனர். கோழியெச்சத்தின் நாற்றம் எனக்கு ஒருபோதும் குமட்டியதில்லை, அக்கைக்குட்டைகள் குமட்டின.

கோழிகள் வளர்ந்தபின், பயிற்சிக்கு ஆள் தேர்ந்த பொன்னேரிக் கண்காட்சியில் சபாபதி நான் சொல்லிக் கொடுத்ததை நெட்டுருவாக ஒப்பித்தான். அதிகாரி, கோழியைத் தூக்கிச் சிறகின் உட்புறம் காட்டச் சொன்னார். அவன் என் பக்கம் திரும்பி, "தேவா, புடி" என்றான். நான் பிடித்தேன், அவன் விளக்கினான். என் முறை வந்தபோதும் அவனே முந்திக்கொண்டான்.

"இவங்க ஊட்டுல எப்பவுமே கோழி உண்டு சார். இவன் மன்றத்துல வந்து கத்துக்கினது இல்ல."

அதிகாரி சிந்தித்தார். "அப்ப உனக்கு இது பொறப்புலயே வந்ததுப்பா. புதுசா கத்துக்கிட்டவங்களுக்குத்தானே பயிற்சி" என்று என் தோளைத் தட்டினார். அவர் குரலில் கனிவு இருந்தது. வசையை மறக்கலாம், அக்கனிவை நினைத்தால் இன்றும் வாய் கைக்கிறது. ஒரே வேலை அவன் கையில் கல்வியாகவும் என் கையில் குலமாகவும் ஆயிற்று. சென்னைக்குச் சபாபதி தேர்ந்தெடுக்கப்பட்டான்.

அனைவர் கோழிகளையும் நான் சுமந்து வந்திருந்த கூடைகளை அங்கேயே விட்டு நடந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய அறுவரும் தம் கோழிகளைத் தொட அஞ்சி நிற்க, பழவேற்காட்டு வணிகர் ஒருவர், "இன்னா தம்பிங்களா, கடிக்குமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சற்று நேரம் நானும் வென்றவன்போல் இருந்தேன். பொழுது சாய்கையில் என் தந்தை, பண்ணையாராகிய சபாபதியின் தந்தை ஏவியதால், கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் சுமந்து வந்தார். கோழிகளைத் திறந்துவிட்டுத் தவிடு தூவினார். அவ்வூரில் இனி வாழ்வதில்லை என்று அப்போதே உறுதி கொண்டேன். மிஷன் கல்லூரி என்னை ஏற்றது. ஆசிரியத் தொழில் இவ்வளவு தொலைவு கொண்டுவந்து சேர்த்தது.

இவ்வூரின் இலையுதிர்காலக் கண்காட்சியில் லிண்டாவின் பெட்டை கூண்டினின்று தப்பி மண்டபமெங்கும் ஓடிற்று. பிள்ளைகள் துரத்தத் துரத்த மேசைகளின் அடியில் புகுந்தது. என் காலருகே வந்தபோது, என் கைகள் என்னைக் கேளாமலே தாழ்ந்து, சிறகுகளை உடலோடு அணைத்து எடுத்துவிட்டன. கூட்டம் கைதட்டியது.

"எங்கே கற்றீர்கள்? உங்கள் தந்தைக்குப் பண்ணை இருந்ததோ?" என்று மார்கரெட் கேட்டார்.

என் தந்தைக்குப் பண்ணை இல்லை. பண்ணைக்குத்தான் என் தந்தை இருந்தார். இதை மார்கரெட்டின் மொழியில் எவ்வாறு சொல்வதென்று தடுமாறித் தலையை அசைத்தேன். அவர் அதை ஆமென்று கொண்டு, அருகிலிருந்தோரிடம் பெருமையோடு அறிவித்தார். ஒரு நொடியில் எனக்குச் சபாபதியின் தந்தையைத் தந்துவிட்டார். நான் மறுக்கவில்லை. லிண்டா வந்து வாங்கிக்கொள்ளும்வரை, கோழியின் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது.