யாரும் எடுக்காத போன் எங்கே போகும்?

ஆபீஸ் போன் பெட்டிக்கு ப்ரோக்ராம் போடற வேலை, கல்யாணத்துல பந்தி உட்கார வைக்கற வேலை மாதிரி. நூறு பேர் வயிறார சாப்பிட்டா உங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஒருத்தருக்கு இலை இல்லாம போச்சுன்னா மண்டபமே உங்களைத் தேடும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. எங்க வீட்டுக்காரர் ஒக்கலிபுரத்துல ஆபீஸ்களுக்கு வயர் இழுக்கற கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். மனுஷனுக்கு ஏணி மேல ஏற பயம் கிடையாது, மேனுவலைத் திறக்கத்தான் பயம். அதனால மேனுவல் என் தலைல விழுந்துச்சு. இப்ப அவர் ரிமோட்டும் கையுமா ரிடையர் ஆயிட்டார். எனக்குப் பேத்தி பொறந்து அவளும் ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கா. நான் மட்டும் இன்னும் லாப்டாப் பையைத் தூக்கிட்டு மெட்ரோல நின்னுக்கிட்டே போறேன். பாட்டிக்கு சீட் குடுக்கணும்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அந்த ஸ்டிக்கருக்குக் கீழ உட்கார்ந்திருக்கறவன் எப்பவும் தூங்கிட்டிருப்பான். அது வேற கதை.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். வெளியில இருந்து ஆபீஸுக்குள்ள வர்ற லைனுக்கு ட்ரங்க்னு பேரு. மேஜை மேல இருக்கறது எக்ஸ்டென்ஷன். எந்த ட்ரங்க்ல கால் வந்தா எந்த மேஜைல மணி அடிக்கணும், எத்தனை தரம் அடிக்கணும், எடுக்கலைன்னா அடுத்து எங்க போகணும்னு நடுவுல இருக்கற பெட்டி முடிவு பண்ணும். பெட்டிக்கு அதைச் சொல்லிக் குடுக்கறது நான். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு கேட்டுக்கிட்டே, போனைக் காதுல இடுக்கிட்டு, பருப்பைத் தீய விட்டவங்க எல்லாரும் என்னைத் தாராளமா திட்டலாம். நானும் அப்படித் தீய விட்டவதான்.

பூந்தொட்டி முதல்ல வந்துடுச்சு

அல்சூர்ல ஒரு லிஃப்ட் கம்பெனி. லிஃப்ட் விப்பாங்க, மாட்டுவாங்க, நடுவுல நின்னு போனா ஆள் அனுப்புவாங்க. பழைய பெட்டியைத் தூக்கிட்டு புதுசு வைக்கணும், எட்டு லைன், எல்லாம் இன்டர்நெட் வழியா வர்ற லைன்னு மேனேஜர் நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழ் நல்லா பேசுவார், லாபில போன் எடுக்கற ஆபரேட்டரோட இருபத்திரெண்டு வருஷமா பேசிப் பழகின தமிழ் அது. அந்த ஆபரேட்டர் வேணாம்னு சொல்றதுக்கும் அதே தமிழ்லதான் பேசினார். "ஆட்டோமேட்டிக் பண்ணிடுங்கம்மா. கால் வந்தா மெஷின் பேசும். ஒண்ணு அமுக்கு சேல்ஸ், ரெண்டு அமுக்கு சர்வீஸ். ஒரு மாசம் ட்ரையல். ஆள் இல்லாம ஓடுச்சுன்னா, அந்த சீட்டை எடுத்துட்டு அங்க ஒரு செடி வைக்கப் போறோம். லாபி பார்க்க நல்லா இருக்கும்."

அந்த சீட்ல இருந்தது ஸ்டெல்லா. நீலசந்திரால இருந்து தினம் பஸ் பிடிச்சு வருவா. வீட்டுக்காரர் போய் அஞ்சு வருஷம், பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கறா, ஓடற வண்டிக்கு இந்த ஒரு சீட்தான் பெட்ரோல். மேனேஜர் சொன்னது ஒண்ணும் ரகசியமில்ல, ஏன்னா செடி ஏற்கெனவே வந்துடுச்சு. நாலடி உயரத்துக்கு, சிவப்புத் தொட்டில, அவ நாற்காலி பக்கத்துல வரிசைல நிக்கற ஆள் மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அவ முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. அவளோ காபியைக் கொண்டு வந்து என் லாப்டாப் பக்கத்துல வச்சுட்டு சொன்னா, "நல்லா ப்ரோக்ராம் பண்ணுங்க ஆன்ட்டி. அரைகுறையா பண்ணிட்டு போனீங்கன்னா, அப்புறம் ஸ்டெல்லாதான் கெடுத்தான்னு சொல்லுவாங்க."

ஆறு பாஷை, ஒரு தொண்டை

மெஷின் பேசணும்னா யாராவது ஒருத்தர் முதல்ல அதுக்குப் பேசிக் குடுக்கணும். நாகராஜ் சாருக்கு கன்னடம், இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, இந்தி, உருது ஆறும் வேணும். சேல்ஸ்ல திவ்யான்னு ஒரு பொண்ணு, சேலத்துல இருந்து வந்து மூணு வருஷம் ஆச்சு. அவளைப் பேசச் சொன்னாங்க. இங்கிலீஷ் அருமையா வந்துச்சு. கன்னடம் பேசினப்ப வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, என்னம்மா பிரச்சினைன்னு கேட்டார். கடைசில ஆறு பாஷையும் தடங்கல் இல்லாம பேச அந்த ஆபீஸ்ல ஒரே ஒருத்தர்தான் இருந்தாங்க. யாருன்னு நான் சொல்லணுமா. தன்னை வீட்டுக்கு அனுப்பப் போற மெஷினுக்கு ஸ்டெல்லாவே உட்கார்ந்து ஆறு பாஷைல பேசிக் குடுத்தா. ஒரு தரம் கூட "கட், மறுபடி"ன்னு கேட்கல.

எங்க சம்பந்தியம்மா கிருஷ்ணகிரில இருக்காங்க. யார் போன் பண்ணாலும் முதல் வார்த்தை "சாப்டீங்களா"தான். ஒரு தரம் கேஸ் புக் பண்ற மெஷின்கிட்ட அப்படிக் கேட்டுட்டு, பதில் வரலைன்னு கோவிச்சுக்கிட்டு வச்சுட்டாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சிருக்கக் கூடாது. ட்ரையல் ஆரம்பிச்ச அன்னிக்கு, நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு லைன் சுத்தமா இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். முதல் கால் ஒரு பெரியம்மா, பழைய கஸ்டமர். மெஷின் ஆறு பாஷையையும் ஒவ்வொண்ணா சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, வருத்தமா கேட்டாங்க, "ஸ்டெல்லாம்மா, ஏன் இன்னிக்கு நான் பேசறதைக் காதுல வாங்காம நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்க?"

பிரதட்சணம்

இந்த இடத்துல பழைய கதை ஒண்ணு சொல்லியே ஆகணும், இல்லைன்னா பின்னால வர்ற கதை புரியாது. ரொம்ப வருஷம் முன்னாடி பீன்யா பக்கம் ஒரு பட்டறைக்குப் பெட்டி வச்சேன். ஸ்டோர்ஸ்ல எடுக்கலைன்னா எங்க போகணும்னு வாய்ல கேட்டேன். ஆபீஸுக்குன்னாங்க. ஆபீஸ்ல எடுக்கலைன்னா? சூப்பர்வைசர் ரூமுக்கு. அங்கயும் எடுக்கலைன்னா? ஸ்டோர்ஸுக்கு. நானும் சமத்தா அப்படியே போட்டுட்டு, அங்கேயே கேன்டீன்ல சித்ரான்னம் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நல்ல சித்ரான்னம், மாங்காய் போட்டது. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கம் பத்தாது.

மறுநாள் பட்டறைல ஆயுத பூஜை. ஒருத்தர் கூட சீட்ல இல்ல. ஒரு கஸ்டமரோட கால் ஸ்டோர்ஸ்ல அடிச்சு, ஆபீஸ்ல அடிச்சு, சூப்பர்வைசர் ரூம்ல அடிச்சு, மறுபடி ஸ்டோர்ஸ்ல அடிச்சு, அப்படியே சுத்திக்கிட்டு இருந்திருக்கு. மத்தியானம் சூப்பர்வைசர் பொங்கல் தொன்னையோட உள்ள வந்து போனை எடுத்தார். அந்தப் பக்கம் இருந்த புண்ணியவான் திட்டக்கூட இல்ல. "சார், அரைமணி நேரமா உங்க ஆபீஸைப் பிரதட்சணம் பண்ணிட்டேன், பிரசாதமாவது குடுங்க."

கடைசிக் கட்டம்

அன்னில இருந்து நான் வாய்ப்பேச்சை நம்பறதில்ல. எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரு பேப்பர் எடுத்துட்டுப் போவேன். ஒவ்வொரு லைனுக்கும் மூணு கட்டம். முதல்ல எங்க அடிக்கணும், எத்தனை தரம் மணி அடிக்கணும், யாரும் எடுக்கலைன்னா எங்க போகணும். அந்த செக்‌ஷன் ஆளே எழுதி, கையெழுத்து போடணும். மூணாவது கட்டம் காலியா இருந்தா பெட்டி ஏத்துக்காது. பெட்டி அந்த விஷயத்துல மனுஷங்களைவிட கறார்.

லிஃப்ட் கம்பெனிலயும் ட்ரையலுக்கு முன்னாடியே பேப்பரை எல்லாருக்கும் குடுத்தேன். முதல் ரெண்டு கட்டத்தை எல்லாரும் மடமடன்னு எழுதினாங்க. மூணாவதுக்கு வந்ததும் பேனா நின்னுடுச்சு. சர்வீஸ்காரர், "நாங்க எல்லாரும் சைட்ல இருப்போம்மா, இங்க யாரு எடுப்பாங்க"ன்னார். திவ்யா, "எனக்கு பேக் டு பேக் மீட்டிங் ஆன்ட்டி"ன்னா. ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுன் ஜபார் பாய், "நை மா, நமக்கு வேணாம். பேரிங் கேட்டா குடுப்பேன், பேச்சு கேட்டா எங்க போவேன்"னார். நாலு பேப்பர் திரும்பி வந்துச்சு. நாலுலயும் மூணாவது கட்டத்துல ஒரே வார்த்தை: ஆபரேட்டர். சர்வீஸ், சேல்ஸ், கோடவுன் மூணும் சரி. நாலாவது நாகராஜ் சாரோட சொந்த லைன்.

நான் நேர்மையான பொம்பளை. ஸ்டெல்லாவுக்காக எங்கயாவது ஒரு சின்ன விஷமம் பண்ணலாமான்னு மனசு அரிச்சுது, பொய் சொல்லல. மணியை ஆறுக்குப் பதிலா ரெண்டு தரம் அடிக்க விட்டா போதும், எல்லா காலும் அவகிட்ட ஓடிடும். ஆனா அவளே நல்லா பண்ணச் சொல்லிட்டா, கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. பேப்பரை எடுத்துட்டு நேரா நாகராஜ் சார்கிட்ட போனேன். "சார், எடுக்கலைன்னா எல்லாமே ஆபரேட்டருக்குத்தான் போகும், பார்த்துட்டு கையெழுத்து போடுங்க"ன்னேன். அவர் பார்க்காமலே போட்டார். "அது சும்மா பேக்கப்புக்குத்தானேம்மா. போன் அடிச்சா யாராவது எடுக்காம இருப்பாங்களா?"

மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

ட்ரையல் மாசம் ஸ்டெல்லா அதே நாற்காலில சும்மா உட்கார்ந்திருக்கணும்னு உத்தரவு. சும்மா உட்கார்றதுக்கு பயிற்சி எடுத்தவங்க ஆபீஸ்ல நிறைய பேர் இருக்கறப்ப, பழக்கமே இல்லாதவளை ஏன் உட்கார வச்சாங்கன்னு தெரியல. நான் ரெண்டாவது வாரம் லைன் செக் பண்ணப் போயிருந்தேன். அவ முன்னாடி ஒரு நோட்டு. எந்த அபார்ட்மென்ட், எந்த லிஃப்ட், எந்த மெக்கானிக் அந்தப் பக்கம் இருக்கான், எல்லாம் எழுதி வச்சிருந்தா. "எதுக்கு ஸ்டெல்லா?"ன்னேன். "எனக்கப்புறம் யாருக்காவது வேணும்ல"ன்னா. நான் கொண்டு போன முறுக்கை அவகிட்ட நீட்டினேன்.

அப்ப அவ போன் அடிச்சுது. பக்கத்து ரோட்டு அபார்ட்மென்ட்ல ஒரு பெரியவர் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுட்டார். லிஃப்ட் உள்ள எழுதியிருக்கற நம்பருக்கு அடிச்சிருக்கார். ஆறு பாஷை கேட்டு, தமிழை அமுக்கி, சர்வீஸை அமுக்கி, சர்வீஸ்ல ஆறு தரம் மணி அடிச்சு, அங்க யாரும் இல்லாம, கடைசில இவகிட்ட வந்து விழுந்திருக்கு. ஸ்டெல்லா "ஹலோ" கேட்ட உடனே ஆளைக் கண்டுபிடிச்சுட்டா. "சார், நாலாவது மாடி வீட்டு சார்தானே? கதவை உதைக்காதீங்க, போன தடவை செருப்புதான் பிஞ்சுது. ஃபேன் சுத்துதா? சரி, உட்கார்ந்துக்கோங்க, ஆள் ரெண்டு ரோடு தள்ளிதான் இருக்கான்." மெக்கானிக் நம்பரைப் பார்க்காமலே அடிச்சா. அவர் வெளிய வர்ற வரைக்கும் லைனை விடாம அவர் பேரன் மார்க்கைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தா. வெளிய வந்ததும் பெரியவர் மூச்சு வாங்கிக்கிட்டு சொன்னார், "லிஃப்ட்ல மாட்டினதுகூட பரவால்லம்மா, உங்க போன்லதான் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டேன்."

இருநூறு யாரு?

மாசக் கடைசில பெட்டியே ஒரு பட்டியல் குடுக்கும், எந்த கால் எங்க போய் முடிஞ்சுதுன்னு. பிரின்ட் எடுத்து நாகராஜ் சார் மேஜைல வச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலால தடவிக்கிட்டே வந்தார். ஒரு பக்கம், ரெண்டு பக்கம், மூணாவது பக்கத்துல விரல் நின்னுடுச்சு. "எல்லாம் எக்ஸ்டென்ஷன் இருநூறு, இருநூறுன்னே இருக்கே. யாரும்மா அது இருநூறு?" நான் கதவு வழியா லாபியைக் காட்டினேன். செடி பக்கத்துல ஸ்டெல்லா காதுல போனோட ஏதோ எழுதிக்கிட்டு இருந்தா.

உடனே எல்லாரையும் உள்ள கூப்பிட்டார். "ஸ்டெல்லாவை எடுத்துடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை. மூணாவது கட்டத்துல இருநூறுக்குப் பதிலா வேற நம்பர் போடணும். யாரோடது போடட்டும்?"னு கேட்டேன். திவ்யா தன் மொபைலைப் பார்த்தா. சர்வீஸ்காரர் ஷூ லேஸைக் கட்டினார். ஜபார் பாய் ஃபேனைப் பார்த்தார். "உங்க ரூம் நம்பர் போடட்டுமா சார்?" "பேடாம்மா, பேடா"ன்னு ரெண்டு கையையும் ஆட்டினார். "அப்ப இன்னொரு ஆப்ஷன் இருக்கு. ஆறு தரம் மணி அடிச்சு யாரும் எடுக்கலைன்னா பெட்டியே லைனை வெட்டிடும். உள்ள மாட்டினவங்க அவங்க பாட்டுக்கு கதவைத் தட்டிக்கிட்டு இருக்கட்டும்"னேன்.

நாகராஜ் சார் டிராயரைத் திறந்தார். ஸ்டெல்லா பேர்ல அடிச்சு வச்ச கடுதாசி மேலயே இருந்துச்சு. அதை நாலா மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டு லாபிக்குப் போனார், நானும் பின்னாடியே போனேன். தப்பு தன் மேலன்னு சொல்ல அந்த மாதிரி ஆளுங்களுக்கு எந்த பாஷையும் வராது, ஆறு தெரிஞ்சாலும். "ஸ்டெல்லா, நீங்க எங்கயும் போக வேணாம். சும்மா பேக்கப்புக்கு இருங்க"ன்னார். அவ போன் வாயைக் கையால மூடிக்கிட்டு கேட்டா, "சரி சார். அப்ப மெயின் யாரு?"

ஆக, ஒரு ஆபரேட்டரை எடுக்கறதுக்கு எட்டு லைன், ஆறு பாஷை, ஒரு மாச ட்ரையல் எல்லாம் போட்டு அந்த ஆபீஸ் கண்ட லாபம் ஒரே ஒரு பூந்தொட்டி, அதுக்கும் இப்ப தண்ணி ஊத்தறது ஸ்டெல்லாதான்.