ஒரு பக்கம் நீண்ட அடித்தட்டு

8-1-2024: மரத்தில் பள்ளம் எடுக்கும் கை ரூட்டர், ரூ. 4,650
17-1-2024: 12 மி.மீ. பிளைவுட், ரூ. 1,380
2-2-2024: 6 மி.மீ. அக்ரிலிக், ஓரடிக்கு முக்காலடி, ரூ. 310
5-2-2024: அதே அக்ரிலிக், அதே அளவு, ரூ. 310
5-2-2024: நீளத் திருகு நான்கு, ரூ. 24

வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. மூன்று மாடிக் கட்டடம். அதன் தரைத்தளத்தில் கோமதியும் அவர் கணவர் முத்துக்குமாரும் குடியிருக்கிறார்கள். கோமதிக்கு வயது அறுபத்தொன்று. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் மூன்று மாதம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வரைந்த எதையும் அவர் கையால் செய்ததில்லை. செய்தவர்கள் வேறு ஆட்கள். இனிமேல் நாமே செய்வோம் என்றுதான் ரூட்டரை வாங்கினார்.

முதல் வேலையும் தேடி வந்தது. மாடியில் குடியிருக்கும், கோமதியை மாஷி (சித்தி) என்று கூப்பிடும் மேக்னா, பாலிகஞ்சில் ஒரு பயிற்சி மையத்தில் பிசியோதெரபிஸ்ட். வாதம் வந்து கை விளங்காமல் போனவர்கள் அங்கே வருவார்கள். பலகையில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம். அதில் ஒரு மரக்குமிழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தள்ள வேண்டும். அதுதான் பயிற்சி. நாற்பது பலகைகள் தேவை. மாதிரி ஒன்று பிடித்திருந்தால் வேலை கோமதிக்கு. அவரும் ஒன்று செய்து கொடுத்தனுப்பினார்.

ஜனவரி 29, திங்கட்கிழமை மாலை, மேக்னா அந்த மாதிரியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கூடவே மையத்தின் கடிதம். குமிழ் ஓரத்தில் சிக்கிக்கொள்கிறது. பிப்ரவரி 9-க்குள் சரியான மாதிரி வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

"மாஷி, டிராம் ஓட்டின ஒரு தாத்தா. ரொம்ப கஷ்டப்பட்டு கடைசி வரைக்கும் கொண்டு வந்துட்டார். அங்க குழி மாதிரி இருந்துச்சு. டக்குனு நின்னுடுச்சு. அழுதுட்டார் தெரியுமா?"

கோமதி வெர்னியர் அளவுகருவியை எடுத்து அளந்தார். பள்ளத்தின் நடுவில் ஆழம் 6 மி.மீ. ஓரத்தில் 7.5. காரணம் அவருக்கு உடனே பிடிபட்டது. ரூட்டரின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். பலகையின் ஓரத்துக்குப் போனதும் அதில் பாதி அந்தரத்தில் நிற்கும். மேலே மோட்டாரின் கனம். கை கொஞ்சம் அயர்ந்தால் கருவி வெளிப்பக்கம் சாயும், பள்ளம் வெட்டும் முனையான பிட் மரத்தைக் கூடுதலாகத் தின்றுவிடும்.

"தட்டு பெருசா இருக்கணும். வெறுமனே பெருசா இருந்தாலும் காணாது, ஒரு பக்கமா நீண்டிருக்கணும்" என்றார் கோமதி. "நீண்ட பக்கத்த இடது கையால பலகை மேல அமுக்கிக்கிட்டா எங்க சாயும்?"

"கடையில கிடைக்காதாக்கும்?" என்று கேட்டார் முத்துக்குமார்.

"வரவழைக்க பதினெட்டு நாளாகுமாம். நானே செய்யுதேன்."

வெள்ளிக்கிழமை பவானிபூரில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் துண்டு வாங்கினார். பழைய தட்டைக் கழற்றாமல், ரூட்டரைக் கவிழ்த்து வைத்து, நான்கு திருகு ஓட்டைகளையும் அளந்து தாளில் வரைந்தார். நான்கும் சம இடைவெளியில் இல்லை. ஒரு பக்கத்து ஜோடி நெருங்கியும் மறுபக்கத்து ஜோடி விலகியும், அதிலும் சற்றுக் கோணலாக இருந்தன. அதையும் கால் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தார். மறுநாள் தாளை அக்ரிலிக்கில் ஒட்டி ஓட்டை போட்டு, திருகுத் தலை அமிழும்படி ஒரு முகத்தில் குடைந்தார். தட்டை ரூட்டரில் வைத்துப் பார்த்தால் இரண்டு திருகு ஏறின. மற்ற இரண்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றன.

தாளைப் பிரித்தெடுத்து ரூட்டரின் அடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆபீஸில் எந்தத் திசையிலிருந்து பார்த்தது என்று மூலையில் குறிக்காமல் ஒரு தாளும் அவர் மேஜையை விட்டுப் போனதில்லை. இது வீட்டுத் தாள்தானே, நாம்தானே பார்க்கப்போகிறோம் என்று குறிக்காமல் விட்டுவிட்டார். முதல் நாள் கீழிருந்து பார்த்து வரைந்ததை, மறுநாள் பழக்க தோஷத்தில் மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டார். இடம் வலமாகிவிட்டது. தட்டைத் திருப்பிப் போட்டால் குடைவு தவறான முகத்துக்குப் போய்விடும்; அங்கும் குடைந்தால் திருகு பிடிக்க அக்ரிலிக் மிஞ்சாது.

"ஏ கோமதி, முப்பத்தோரு வருஷ சர்வீஸு! கண்ணாடில பாத்தா வரைஞ்ச?"

"சிரிங்க, சிரிங்க. துறைமுகத்துல நீங்க கப்பலையே தப்பான இடத்துல கட்ட வச்ச ஆளு."

"அது ஒரு தடவதான்! சரி, அரத்தால ஓட்டைய கொஞ்சம் ராவி விட்டா என்ன?"

"ராவினா திருகு ஏறும். ஆனா ஓடும்போது தட்டு அசையும். மறுபடி அந்தத் தாத்தா குழியில விழணுமா?"

திங்கட்கிழமை மறுபடி பவானிபூர். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "என்ன தீதி, வெள்ளிக்கிழமை வாங்கினதைச் சாப்பிட்டுட்டீங்களா?"

"ருசி பத்தல தாதா, இன்னொண்ணு கொடுங்க" என்று, அக்கா என்றவரை அண்ணா என்று, வங்காளி மொழியிலேயே பதில் சொல்லி வாங்கி வந்தார்.

இந்த முறை தாளே கிடையாது. பழைய தட்டைக் கழற்றி, மரத்தைத் தொடும் முகம் மேலே தெரிய, இருபக்க டேப்பால் அக்ரிலிக்கின் மேல் ஒட்டினார். அதன் ஓட்டைகளுக்குள்ளேயே டிரில்லை இறக்கினார். திருகுத் தலை உள்ளே அமிழும்படி அதே முகத்தில் குடைந்தார். தட்டை மாட்டியபின், கூர்முனை பிட்டை மெல்ல இறக்கி நடுப்புள்ளியைக் குறித்து, அங்கே பெரிய துளை எடுத்தார். ஒரு முனையில் அகன்று ரூட்டரைத் தாங்கியும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும்படி ரம்பத்தால் அறுத்தார். ஒடுங்கிய முனையில், பிடித்து அமுக்க ஒரு இழுப்பறைக் குமிழ். தட்டு முன்னதைவிட இரண்டு மில்லிமீட்டர் தடிமன். ஆகவே பிட்டை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நீட்டினார்.

எட்டாம் தேதி காலை புதுப் பலகையில் ஓட்டினார். ஓரத்துக்கு வந்ததும் முத்துக்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோமதியின் இடது கை குமிழை விட்டு அசையவில்லை. ஏழு இடங்களில் அளந்தார். ஆறு இடங்களில் 6.0, ஓரிடத்தில் 6.1. ஓரம் இரண்டும் 6.0.

"ஒரு புள்ளி தப்பு" என்றார் முத்துக்குமார்.

"அது உங்க மூச்சு பட்டது."

ஒன்பதாம் தேதி பலகையை மேக்னா எடுத்துப் போனாள். பிற்பகல் மூன்றரைக்கு போன் வந்தது.

"மாஷி! தாத்தா இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் தள்ளிட்டார். அப்புறம் யாரும் சொல்லாமலே திரும்பவும் தள்ளினார். கமிட்டி லெட்டர் போடுவாங்க, வெயிட் பண்ணுங்க."

காத்திருந்த நாட்களில் கோமதி சும்மா இருக்கவில்லை. வேலை வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பத்துப் பலகைக்கான மரத்தை அறுத்து, ஓரம் தேய்த்து அடுக்கினார். வராவிட்டால் என்ன செய்வது என்று முத்துக்குமார் ஒரே ஒரு முறை கேட்டார். கோமதி அடுத்த பலகையை எடுத்து ஓரம் தேய்த்தார்.

மையத்தின் கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. நாற்பது பலகைகள், முதல் பத்து மார்ச் 15-க்குள், ஆழம் மாதிரியில் உள்ளபடியே. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கோமதி. வந்த நாள் 22-2-2024, வியாழக்கிழமை.